எஸ்பிஎம் முடித்தவனுக்குச் செபராங் பிறையில் திவெட் இடம்: பட்ஜெட்டில் சொன்ன பணம் எங்கே?

பிறை_வாசி
2024 பட்ஜெட்டில் திவெட்டுக்கு (தொழில்நுட்ப, தொழிற்பயிற்சிக் கல்வி) 680 கோடி வெள்ளி, 2025-க்கு 750 கோடி என்றார்கள். அப்படியென்றால் இடமும் கூடியிருக்க வேண்டுமே? தம்பி மகன் எஸ்பிஎம் (படிவம் 5 தேர்வு) எழுதிவிட்டான். கணக்கு சுமார்தான், கைவேலை நன்றாக வரும். வயரிங் அல்லது ஏர்கோன் படிக்க நினைக்கிறான். பட்டர்வொர்த்தில் ஒரு தனியார் நிலையம் "பிடிபிகே கடன் இருக்கு, உடனே சேரலாம்" என்கிறது; பிடிபிகே திறன் பயிற்சிக்கான அரசுக் கடன் நிதியாம். சேர்க்கலாமா?

மேசை_வைஸ்
அண்ணே, அந்தப் பணம் ஒரே பைக்குள் போவதில்லை. மனிதவளம், கல்வி, உயர்கல்வி, இளைஞர் விளையாட்டு என்று பல அமைச்சுகளுக்குப் பிரிகிறது. பணம் வந்ததும் இடம் கூடிவிடாது. எஸ்கேஎம் (மலேசியத் திறன் சான்றிதழ், நிலை 1 முதல் 3 வரை) பயிற்சி நடத்தும் நிலையத்துக்கு ஜேபிகே (திறன் மேம்பாட்டுத் துறை) அங்கீகாரம் தரும்போது பட்டறை, கருவிகள், விடிஓ என்ற பயிற்றுநர் தகுதிச் சான்று பெற்றவர் மூன்றையும் பார்க்கும். கட்டடம் எழுந்தும் பயிற்றுநர் இல்லையென்றால் வகுப்பு திறக்க முடியாது.

கேவியை (தொழிற்கல்லூரி) விடுங்கள், அது படிவம் 3 முடித்து நுழைவது. முதலில் அரசு நிலையங்களைப் பாருங்கள். நிபோங் திபாலில் ஆறுமுகம் பிள்ளை ஐஎல்பி (தொழிற்பயிற்சி நிலையம்) இருக்கிறது, கொமுட்டர் ரயிலும் அந்த ஊரில் நிற்கிறது. டிப்ளோமா வேண்டுமானால் புக்கிட் மின்யாக் ஜேஎம்டிஐ (ஜப்பான்-மலேசியத் தொழில்நுட்பக் கழகம்). ஐஎல்பிகளுக்கு இப்போது அட்டெக் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள், பழைய பெயரில் தேடிக் குழம்ப வேண்டாம். விண்ணப்பம் யூபி_திவெட் என்ற அரசு இணையத்தளத்தில். முதல் தேர்வை மட்டும் போட்டுவிட்டுக் காத்திருக்காமல் எல்லாத் தேர்வுகளையும் நிரப்பச் சொல்லுங்கள். கூட்டம் மொய்க்கும் பாடம் ஒன்றையே நம்பியவர்கள்தான் அடுத்த சேர்க்கை வரை சும்மா இருக்கிறார்கள்.

கணக்கர்_பிஎம்
தனியார் நிலையம் பற்றி. அங்கீகாரம் நிலையத்துக்கு மொத்தமாகக் கிடைப்பதல்ல. ஒவ்வொரு பாடத்துக்கும், ஒவ்வொரு நிலைக்கும் தனித்தனி. கம்ப்யூட்டருக்கு நிலை 3 வைத்திருக்கும் இடம் வயரிங்குக்கும் வைத்திருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். கடிதத்தைக் கேட்டு வாங்கிப் பாடக் குறியீடு, நிலை, காலாவதித் தேதி மூன்றையும் ஜேபிகேயின் மைஸ்பைக் தளத்தோடு ஒப்பிடுங்கள்.

பிடிபிகே தருவது கடன், மானியமல்ல. பையன் பாதியில் நின்றாலும் கொடுத்த தொகையைத் திருப்பிக் கட்ட வேண்டும். கடன் ஒப்புதல் கடிதம் கைக்கு வருமுன் "பதிவுக் கட்டணம்" என்று பெரிய தொகை கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

பட்டறைக்குள் போய்ப் பாருங்கள். ஆளுக்கொரு வயரிங் பலகை இருக்கிறதா, நாலு பேர் ஒன்றைச் சுற்றி நிற்கிறார்களா? இன்சுலேஷன் டெஸ்டர் பையன்கள் கையில் இருக்கிறதா, கண்ணாடி அலமாரியிலா? போன குழுவுக்குச் சான்றிதழ் எப்போது வந்தது என்றும் கேளுங்கள். வெளிச் சரிபார்ப்பாளர் வந்து பார்க்காமல் எஸ்கேஎம் வெளிவராது. அங்கேதான் இழுபறி.

பிறை_வாசி
நன்றி ஐயா. எஸ்கேஎம் இருந்தால் சொந்தமாக வயரிங் எடுத்துச் செய்யலாமா?

மேசை_வைஸ்
முடியாது. எஸ்கேஎம் திறன் சான்று. வயர்மேன் தகுதிச் சான்று தருவது சுருஹான்ஜாயா தெனாகா (எரிசக்தி ஆணையம்). வேலை முடிந்ததும் போரங் ஜி (மேற்பார்வை, நிறைவுச் சான்று), போரங் எச் (சோதனைச் சான்று) இரண்டிலும் உரிய தகுதியுள்ளவர் கையெழுத்திட வேண்டும். ஆகவே அந்த நிலையம் அவர்களுடைய தேர்வுக்கும் ஆள் அனுப்புகிறதா என்று கேளுங்கள். ஏர்கோனிலும் இப்படித்தான்: ஆர்22 வாயுவைக் கையாள ஜபாத்தான் ஆலாம் செகித்தாரின் (சுற்றுச்சூழல் துறை) சிஎஸ்டிபி என்ற தொழில்நுட்பர் சான்று தனியாக எடுக்க வேண்டும்.

தொழிற்சாலை_தங்கை
எஸ்எல்டிஎன்னையும் (தேசிய இரட்டைப் பயிற்சி முறை) பாருங்க அண்ணே. 70 முதல் 80 விழுக்காடு பயிற்சி வேலையிடத்தில், மீதி நிலையத்தில். உதவித்தொகை உண்டு. ஒப்பந்தத்தில் எந்த நிலை எஸ்கேஎம் என்று எழுதியிருக்க வேண்டும். சில இடங்களில் பையனை ஒரே மெஷினில் நிறுத்திவிடுவார்கள், பயிற்சிக் குறிப்பேடு காலியாகவே கிடக்கும். மாதம் ஒருமுறை அதை வாங்கிப் பாருங்க. நிலை 3 முடித்தால் டிகேஎம் (மலேசியத் திறன் டிப்ளோமா) அல்லது பாலிடெக்னிக் டிப்ளோமாவுக்கு விண்ணப்பிக்கலாம், நிலை 2-ஓடு நிறுத்திவிட வேண்டாம்.