துணி பொம்மைக்கு ஷூ: விரல் பக்கம் கொசுவம், ஒரு ஷூ திருகல், கழன்றும் விழுது

தையல்பெட்டி:
16 அங்குல துணி பொம்மைக்கு பாப்லினில் ஷூ தைக்கிறேன். பாதம் 6.5 செமீ நீளம், அகலமான இடத்தில் 3.2 செமீ. அடித்துண்டு ஒன்று, லாட வடிவ மேல்துண்டு ஒன்று, குதிகாலில் மூட்டு. அடித்துண்டைத் தையலுக்கு 5 மிமீ விட்டு வெட்டி, ஓரத்தைச் சுற்றி நூல் வைத்து அளந்தேன்: 19 செமீ. மேல்துண்டின் தையல் கோட்டுக்கும் அதே 19 வைத்தேன். விரல் பக்கம் கொசுவம் விழுது, ஒரு ஷூ திருகிக்குது, பொம்மையைத் தூக்கினா ரெண்டுமே கழன்றுடுது. எங்கே தப்பு?

நூல்கண்டு:
அந்த 19-லதான் தப்பு. நீங்க அளந்தது வெட்டின ஓரம். தையல் விழுறது 5 மிமீ உள்ளே. அடித்துண்டு எந்த வடிவமா இருந்தாலும் சரி, சுற்றிலும் 5 மிமீ உள்ளே போனா சுற்றளவு 3 செமீ சொச்சம் குறையும். ஆக உங்க தையல் கோடு 16 செமீதான். மிச்ச 3 செமீ துணி போக இடமில்லாம விரல் பக்கம் கொசுவமா நிக்குது.

மேல்துண்டை 16.3 செமீ வைங்க. அந்த 3 மிமீ விரல் வளைவுக்கு வேணும். விரல் பக்கம் மட்டும் 4 செமீ நீளத்துக்குச் சின்னதா நூல் ஓட்டி, லேசா இழுத்தா அது அமுங்கிடும், வெளியே சுருக்கம் தெரியாது.

தைக்கிறதுக்கு முன்னாடி, மேல்துண்டோட கீழ் ஓரத்துல குதிகால் பக்கமும் விரல் பக்கமும் 5 மிமீக்கு ஒரு வெட்டு, 3 மிமீ ஆழம். இல்லேன்னா வளைவுல துணி விரியாது. தைச்ச பிறகு விட்ட துணியை 3 மிமீயா நறுக்கிட்டுத் திருப்புங்க. 5 மிமீயை அப்படியே விட்டா உள்ளே திரண்டு, விரல் முனை முண்டுமுண்டா தெரியும்.

காஜாபட்டி:
திருகலுக்குக் காரணம் அளவு இல்லை, தைக்கிற திசை. குதிகால்ல ஆரம்பிச்சு ஒரே போக்கா சுத்தி வந்தா, மேல்துணி கொஞ்சம் கொஞ்சமா நகர்ந்து, நடுக்கோடு விரல் நுனியை விட்டு விலகிடும். ரெண்டு துண்டுலயும் விரல் நடு, குதிகால் நடு, ரெண்டு பக்கவாட்டுன்னு நாலு இடத்துல பென்சில் குறி போட்டு குண்டூசி குத்துங்க. விரல் நடுவுல தொடங்கி வலப்பக்கமா குதிகால் வரை. திரும்பவும் விரல் நடுவுல தொடங்கி இடப்பக்கமா. இந்த அளவுக்கு மெஷின் வேண்டாம். கையால 2 மிமீ கெட்டித் தையல் போட்டா வளைவு சுத்தமா வரும்.

இடது வலது கவனிச்சீங்களா? துணியை நல்ல பக்கம் உள்ளே வர மடிச்சு வெட்டினா ரெண்டு காலும் தானா வந்துடும். தனித்தனியா வெட்டினா ரெண்டும் ஒரே காலாகிடுற வாய்ப்பு அதிகம்.

பாப்லின் மட்டும்னா துவண்டுதான் நிக்கும். காலருக்கு வைக்கிற ஒட்டு கேன்வாஸ்ல மெல்லிசானதை மேல்துண்டுக்கு உள்ளே இஸ்திரி போட்டு ஒட்டுங்க. கேன்வாஸைத் தையல் கோட்டோட நிறுத்தணும், விட்ட துணி வரை போகக் கூடாது. அடிக்குப் பழைய ஜீன்ஸ் துண்டு போதும்.

பஞ்சுமூட்டை:
இவ்வளவு பாடுபடாம ஃபெல்ட்டுக்கு மாறிடலாமே! நூல் பிரியாது, அதனால தையலுக்குத் துணி விடவும் வேண்டாம், திருப்பவும் வேண்டாம். ஓரத்தோட ஓரம் வெச்சு வெளியே காஜா தையல் போட்டா முடிஞ்சது.

காஜாபட்டி:
குழந்தை கையில போற பொம்மைன்னா ஃபெல்ட் சீக்கிரம் பிசிறு தட்டும். அக்ரிலிக் ஃபெல்ட்ல சூடான இஸ்திரிப் பெட்டி பட்டா உருகிடவும் செய்யும். அலமாரியில வைக்கத்தான் ஃபெல்ட்.

தையல்பெட்டி:
16.3-க்கு மாத்தி ஒரு ஷூ தைச்சேன், கொசுவம் போச்சு. கழன்று விழுறதுக்கு?

நூல்கண்டு:
துணி பொம்மைக்குக் குதிகால் புடைப்பு கிடையாது, கால் நேரா இறங்கிடும். அதனால ஷூவைப் பிடிச்சு நிறுத்த ஒண்ணுமில்லை. பாதத்து மேல குறுக்கா ஒரு எலாஸ்டிக் பட்டி வைங்க, 3 மிமீ அகலம் போதும். ஒரு ஓரத்துலேர்ந்து மறு ஓரம் வரை 5 செமீ வந்தா, பட்டி இழுத்துப் பிடிக்கணும்னு வெளியே தெரியுறது 4.5 செமீ, ரெண்டு முனையும் மடிப்புக்குள்ள போக 1 செமீ, மொத்தம் 5.5 வெட்டுங்க. வாய் ஓரத்தை மடிச்சுத் தைக்கும்போதே முனைகளை உள்ளே சொருகிடணும். மூணு வயசுக்குக் கீழ உள்ள குழந்தைக்குன்னா பிரஸ் பட்டன், மணி எதுவும் வேண்டாம். பிய்ஞ்சு வந்தா நேரா வாய்க்குத்தான் போகும்.