தமிழ்99 அடிக்க எந்த மெக்கானிக்கல் கீபோர்டு?

நாள் முழுக்க ஆபீஸ் தட்டச்சு, பாதிக்கு மேல் தமிழ்99 விசை அமைப்பில். அதில் ண, ச, ஞ, ந, ய, ழ ஆறும் வலது சுண்டுவிரல் தலையில். விசைக்கு அடியிலுள்ள சுவிட்ச் கனமானால் மாலைக்குள் விரல் கடுக்கும். செர்ரி நிறுவன சுவிட்சுகளில் ரெட்டை அழுத்த சுமார் 45 கிராம், பிரவுனுக்கு 55, இரண்டில் எது? ப்ளூ வேண்டாம், அது போடும் டிக் டிக் சத்தத்துக்குப் பக்கத்து மேசைக்காரர் அடிக்க வருவார்.

75 சதவீத அளவு (வலப்பக்க எண் பகுதி இல்லாத சிறிய கீபோர்டு), அலுமினிய உடல், ஹாட்ஸ்வாப் (சாலிடர் இல்லாமல் சுவிட்ச் மாற்றும் வசதி), பிபிடி பிளாஸ்டிக் கீகேப் என்பது முடிவு. ஏபிஎஸ் பிளாஸ்டிக் கீகேப் போகப்போக எண்ணெய் தடவியதுபோல் மினுங்கும்.

கீக்ரான் க்யூ1 மாடலைப் பார்த்து வைத்திருக்கிறேன். முன்விளிம்பு உயரம்தான் உறுத்தல். மணிக்கட்டுப் பலகை இல்லாமல் சமாளிக்கிறவர்கள் உண்டா? ஸ்பேஸ்பார் கடகடத்தால், அந்த நீள விசையைச் சாயாமல் தாங்கும் ஸ்டெபிலைசரின் கம்பி வளைந்து நுழையும் முனையில் மட்டும் கிரீஸ் வைத்தால் போதுமா, கழற்றி முழுக்கப் பூச வேண்டுமா?