ஒரே ஒரு சிலிண்டரில் கம்ப்ரஷன் கம்மி: ரிங்கா, வால்வா?

கேள்வி | நாலுசிலிண்டர்

1.2 லிட்டர், 4 சிலிண்டர், 16 வால்வு பெட்ரோல் இன்ஜின். ஸ்க்ரூ வைத்து அட்ஜஸ்ட் செய்யும் டாப்பெட். 1,10,000 கி.மீ. ஓடியிருக்கிறது; அதில் கடைசி 50,000 எல்பிஜி கிட்டில். ஐடிலில் குலுங்குகிறது, மிஸ் அடிக்கிறது. 2,500 ஆர்பிஎம் தாண்டிவிட்டால் அவ்வளவாகத் தெரிவதில்லை. ஸ்கேனரில் பி0303 (மூன்றாவது சிலிண்டரில் மிஸ் அடிக்கிறது என்ற எர்ரர் கோடு). பிளக், காயில், இன்ஜெக்டர் மூன்றையும் முதல் சிலிண்டருக்கு மாற்றிப் போட்டும் கோடு மூன்றிலேயே நிற்கிறது.

பிளக் ஓட்டையில் கம்ப்ரஷன் கேஜ் (பிஸ்டன் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று காட்டுவது) போட்டதில் வந்தது (பிஎஸ்ஐ):
1 – 150
2 – 146
3 – 82
4 – 148

மூன்றில் ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டுப் பார்த்தால் 90. ஆயில் குறைவதில்லை, நீலப் புகை இல்லை, கூலன்ட்டும் அப்படியே இருக்கிறது. ஒர்க்‌ஷாப்பில், "ஆயில் விட்டதும் ஏறுதுல்ல, அப்ப ரிங்தான். இன்ஜினை இறக்கி ரீபோர் பண்ணிடலாம்" என்கிறார்கள் (அதாவது பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது, சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்க வேண்டும்). 8 பிஎஸ்ஐ ஏறியதை வைத்து அப்படிச் சொல்லலாமா? இறக்குவதற்கு முன் வேறென்ன பார்க்க வேண்டும்?

டெஸ்ட் எடுக்கும்போது இன்ஜின் ஆறியிருந்தது. ஒவ்வொரு பிளக்காகக் கழற்றி எடுத்தது, ஆக்ஸிலரேட்டரை மிதிக்கவில்லை.

பதில் | ஃபீலர்கேஜ்

இறக்கவே வேண்டாம், இப்போதைக்கு. கடைசி வரியில் நீங்க சொன்னதைப் பார்த்தால் முதலில் டெஸ்டையே திரும்ப எடுக்கணும்.

இன்ஜினை நல்லா சூடாகும்வரை ஓட்டி நிறுத்துங்க. ஹெட் அலுமினியம் என்பதால் கொதிக்கிற சூட்டில் பிளக்கைக் கழற்றினால் மரை போய்விடும். கை பொறுக்கிற அளவுக்கு இறங்கட்டும். கழற்றும் முன் பிளக் குழியைக் காற்றடித்துச் சுத்தம் பண்ணுங்க. அங்கே கிடக்கிற மண் உள்ளே விழுந்து வால்வு சீட்டில் உட்கார்ந்தால் இல்லாத லீக்கை நீங்களே உண்டாக்கின மாதிரி ஆகும். நாலு பிளக்கும் வெளியே வரணும். ஒன்றை மட்டும் கழற்றினால் மற்ற மூன்றின் கம்ப்ரஷனையும் ஸ்டார்ட்டர் தள்ளவேண்டியிருக்கும், சுற்றும் வேகம் குறையும், ரீடிங்கும் குறையும். ஃப்யூவல் பம்ப் ஃபியூஸை எடுத்துவிடுங்க, காயில் கனெக்டர்களைக் கழற்றிவிடுங்க. எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கிற ஆயிலைக் கழுவிவிட்டால் அதுவும் கம்ப்ரஷனைக் குறைச்சுக் காட்டும்.

ஆக்ஸிலரேட்டரை முழுசா மிதிச்சுப் பிடிக்க ஒரு ஆள் வேணும். திராட்டில் மூடியிருந்தால் உள்ளே போகிற காற்றே குறைவு, அப்புறம் எதை அழுத்துவது? பேட்டரியில் சார்ஜர் மாட்டியே வைங்க. இல்லாவிட்டால் கடைசியாகப் பார்க்கிற சிலிண்டர் பாவம், பேட்டரி இறங்கியதற்கு அது பழி சுமக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரே எண்ணிக்கை, 5 அல்லது 6 அடி (ஒரு கம்ப்ரஷன் ஸ்ட்ரோக் ஒரு அடி).

முக்கியமா, முதல் அடியில் முள் எங்கே போகுது என்று தனியா எழுதுங்க. நல்ல சிலிண்டர் முதல் அடியிலேயே பாதிக்கு மேல் ஏறிடும். ரிங் தேய்ந்திருந்தால் முதல் அடியில் கம்மியா வந்து, ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் கொஞ்சமா ஏறிக்கிட்டே போகும். வால்வு லீக் என்றால் முதலிலும் கம்மி, கடைசி வரைக்கும் பெரிதாக ஏறாது. கேஜ் போடுகிற பலர் கடைசி எண்ணை மட்டும் பார்த்துவிட்டுக் கழற்றிடுறாங்க.

கேஜையும் ஒரு பார்வை பாருங்க. ஹோஸ் நுனியில் இருக்கிற சின்ன வால்வு ஊசி போய்விட்டது என்று டயர் வால்வு ஊசியை எடுத்துப் போட்டிருப்பாங்க. டயர் ஊசியின் ஸ்பிரிங் இறுக்கமானது. எல்லா சிலிண்டரிலும் கம்மியாகத்தான் காட்டும்.

சூட்டில், முழு திராட்டிலில் எடுத்தால் நாலுமே ஏறும், ஆனால் மூன்றாவது மற்றதோடு ஒட்டிப் போகாது என்றுதான் நினைக்கிறேன். பொதுவா, அதிகபட்ச ரீடிங்கில் 75 சதவீதத்துக்குக் கீழே எதுவும் இருக்கக்கூடாது. உங்களுடையது 55 சதவீதம். சரியான எண்ணுக்கு உங்க இன்ஜின் மேனுவலைப் பாருங்க. இன்டேக் வால்வு தாமதமா மூடுகிற வகை இன்ஜின்களில் நல்ல நிலையிலேயே ரீடிங் குறைவாக இருக்கும்.

பதில் | டிடிசி

ஆயில் விட்டு எடுக்கும் டெஸ்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் ஒர்க்‌ஷாப்பின் தீர்ப்பு முழுக்க அதன் மேல்தான் நிற்கிறது.

1.2 லிட்டர் என்றால் ஒரு சிலிண்டருக்கு 300 மி.லி. கம்ப்ரஷன் ரேஷியோ 10:1 என்று வைத்துக்கொண்டால் பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது மிஞ்சும் இடம் சுமார் 33 மி.லி.தான். அதில் 5 மி.லி. ஆயில் விட்டீர்கள். மிஞ்சுவது 28. ரேஷியோ 11.6:1 ஆகிவிட்டது. ரிங்குக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஆயில் இடத்தை அடைத்துக்கொண்டதாலேயே ரீடிங் 10, 20 சதவீதம் ஏறும். 82 இலிருந்து 90 என்பது 10 சதவீதம். ஆக, ரிங் வழியாகப் போன காற்று அடைபட்டது என்பதற்கு இதில் ஆதாரம் எதுவும் இல்லை. ரிங் குற்றவாளியாக இருந்தால் 82 என்பது 120, 130 என்று தாவியிருக்கும்.

சந்தேகம் தீர வேண்டுமானால் அதே 5 மி.லி.யை நல்ல சிலிண்டர் ஒன்றிலும் விட்டுப் பாருங்கள். இரண்டிலும் ஏற்றம் ஒரே விகிதத்தில் இருந்தால் ரிங்கை விட்டுவிடலாம். அளவைக் கூட்டாதீர்கள். மூன்று டீஸ்பூன் விட்டால் மிஞ்சும் இடத்தில் பாதி ஆயிலாகிவிடும், எந்த இன்ஜினும் "ரிங் போச்சு" என்றுதான் சாட்சி சொல்லும். ஆயில் விட்டபின் கேஜ் மாட்டாமல் ஒரு சுற்றுச் சுற்றி, கூடுதலாக நிற்பதை வெளியே துப்ப விட்டு, பிறகு மாட்டுங்கள்.

பதில் | ஹெட்கேஸ்கெட்

மேலே இருவரும் சொன்னதோடு ஒத்துப்போகிறேன். ஆனால் கம்ப்ரஷன் கேஜ் "லீக் இருக்கு" என்பதோடு நின்றுவிடும். எங்கே என்று சொல்வது லீக்-டவுன் டெஸ்ட், அதாவது சிலிண்டருக்குள் காற்றைச் செலுத்தி எவ்வளவு கசிகிறது என்று பார்ப்பது. ஏர் கம்ப்ரசர், இரண்டு கேஜ் உள்ள லீக்-டவுன் டெஸ்டர், இரண்டும் கிடைத்தால் அரை மணி நேர வேலை.

மூன்றாவது சிலிண்டரைக் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கில் டாப் டெட் சென்டருக்கு (பிஸ்டன் உச்சியில் நிற்கும் நிலை) கொண்டுவாருங்கள். ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2 என்பதால், வால்வு கவரைக் கழற்றியிருந்தால் இரண்டாவதைப் பாருங்கள்: அங்கே எக்ஸாஸ்ட் மூடி இன்டேக் திறக்கிற தருணத்தில் மூன்றாவதன் எல்லா வால்வும் மூடியிருக்கும். சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, டாப் கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிடுங்கள். கிராங்க் போல்ட்டில் மாட்டிய ராட்செட்டை எடுத்துவிட்டுத்தான் காற்றைத் திறக்க வேண்டும். டாப் டெட் சென்டரிலிருந்து கொஞ்சம் விலகியிருந்தாலும் காற்று பிஸ்டனைத் தள்ளும், ராட்செட் சுழன்று கையில் அடிக்கும். முதலில் 15, 20 பிஎஸ்ஐ. சுற்றவில்லை என்றால் 100.

100 கொடுத்து இரண்டாவது கேஜ் 92 காட்டினால் லீக் 8 சதவீதம். 10க்குள் இருந்தால் நல்லது, 20 தாண்டினால் சந்தேகம், 30க்கு மேல் நிச்சயக் கோளாறு. எண்ணை விடக் காதுதான் முக்கியம். ஏர் ஃபில்டர் குழாயைக் கழற்றித் திராட்டில் பக்கம் "உஸ்" என்று கேட்டால் இன்டேக் வால்வு. சைலன்ஸர் வாயில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அங்கே கேட்டால் ரிங் (நல்ல இன்ஜினிலும் லேசாகக் கேட்கும், பதற வேண்டாம்). ரேடியேட்டரில் குமிழி வந்தாலோ பக்கத்து பிளக் ஓட்டையில் காற்று வந்தாலோ ஹெட் கேஸ்கெட். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர் சேர்ந்து விழுந்தால்தான் முதலில் கேஸ்கெட்டை நினைப்பேன். நாலும் சேர்ந்து விழுந்தால் டைமிங் பெல்ட் பல் தாண்டியிருக்கிறதா என்று பார்ப்பேன். உங்களுடையது இரண்டும் இல்லை.

என் பந்தயம் எக்ஸாஸ்ட் வால்வு. காரணம் எல்பிஜி. பல இன்ஜின்களின் வால்வு சீட் எல்பிஜி-க்கு ஏற்ற கடினம் இல்லாதது. சீட் தேயத் தேய வால்வு ஹெட்டுக்குள் புதையும், தண்டு மேலே வரும், டாப்பெட் கிளியரன்ஸ் (வால்வு தண்டின் நுனிக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் இடையே உள்ள இடைவெளி) சுருங்கிக்கொண்டே போகும். கிளியரன்ஸ் தேய்மானத்தில் கூடும் என்று நினைத்து, சத்தம் வரவில்லையே என்று இருந்துவிடுவார்கள். சுருங்கும்போது சத்தம் வராது, அதுதான் ஆபத்து. கடைசியில் வால்வு முழுசாக மூடாது. சீட்டில் உட்கார்ந்துதான் அது சூட்டை இறக்கும், உட்காராத வால்வு விளிம்பில் எரிந்துபோகும். ஐடிலில் மிஸ் அடித்து வேகத்தில் சரியாவதும் இதோடு பொருந்துகிறது: வேகத்தில் லீக் ஆக நேரம் போதாது.

அதனால் எதற்கும் முன்னால் கிளியரன்ஸ் பாருங்கள். ஆறிய இன்ஜினில், ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்து. செலவு ஒரு வால்வு கவர் கேஸ்கெட்.

பதில் | கருப்புப்புகை

நடுவில் ஒரு கேள்வி. டீசலுக்கும் இதே முறைதானா?

பதில் | டிடிசி

இல்லை. டீசலில் 350 முதல் 450 பிஎஸ்ஐ சாதாரணம்; பெட்ரோல் கேஜை மாட்டினால் கேஜ் போய்விடும். குளோ பிளக் அல்லது இன்ஜெக்டர் ஓட்டைக்குப் பொருந்தும் அடாப்டரோடு 1,000 பிஎஸ்ஐ கேஜ் வேண்டும். ஆயில் விடும் டெஸ்ட் டீசலில் வேண்டவே வேண்டாம். மேலே மிஞ்சும் இடம் மிகக் குறைவு. ஆயில் அழுத்தத்தில் பற்றிக்கொள்ளலாம், கொஞ்சம் கூடினால் கனெக்டிங் ராடு வளையலாம். லீக்-டவுன் மட்டும் பாருங்கள்.

கேள்வி கேட்டவர் | நாலுசிலிண்டர்

நன்றி. நீங்கள் சொன்னபடி சூட்டில், நாலு பிளக்கும் கழற்றி, முழு திராட்டிலில்: 182, 178, 98, 180. மூன்றாவதில் முதல் அடியிலும் கம்மி, அதன் பிறகும் பெரிதாக ஏறாமல் 98இல் நின்றுவிட்டது. மற்றவை முதல் அடியிலேயே 100 தாண்டின. 5 மி.லி. ஆயிலுக்கு மூன்றாவதில் 98 → 108, முதல் சிலிண்டரில் 182 → 205. லீக்-டவுனில் மூன்றாவது 52 சதவீதம், சத்தம் சைலன்ஸரில் தெளிவாகக் கேட்கிறது. ஆயில் மூடிப் பக்கம் ஒன்றும் இல்லை.

கிளியரன்ஸ்: மேனுவலில் எக்ஸாஸ்டுக்கு 0.30 மி.மீ. மூன்றாவதன் ஒரு எக்ஸாஸ்ட் வால்வில் 0.05 பிளேடுகூட நுழையவில்லை. பக்கத்தில் இருப்பது 0.18. மற்ற சிலிண்டர்களின் எக்ஸாஸ்ட் எல்லாம் 0.16 முதல் 0.22. அட்ஜஸ்ட் செய்தால் போதுமா?

பதில் | ஃபீலர்கேஜ்

ஆயில் கணக்கு தெளிவாகிடுச்சு, இரண்டிலும் ஏற்றம் 10, 12 சதவீதம். ரிங் விடுதலை.

எட்டு எக்ஸாஸ்ட் வால்வையும் 0.30க்கு வையுங்க, மூன்றாவதை மட்டும் அல்ல. இன்டேக்கையும் மேனுவல் அளவுக்குச் சரிபாருங்க. கொஞ்ச தூரம் ஓட்டிட்டு லீக்-டவுன் திரும்பப் பாருங்க. 15க்குள் இறங்கிவிட்டால் வால்வு பிழைத்தது, அப்படியே ஓட்டலாம். அடுத்த கிளியரன்ஸ் செக்கை 10,000 கி.மீ.யில் வைங்க. 30க்கு மேலேயே நின்றால் விளிம்பு எரிந்துவிட்டது, ஸ்க்ரூவைத் திருகி அதை மீட்க முடியாது. பிளக் ஓட்டை வழியாக போரோஸ்கோப் (குழாய் நுனியில் உள்ள சின்ன கேமரா) விட்டால், மூடிய நிலையில் வால்வு விளிம்பில் ஒரு இடம் மட்டும் வெளுத்தோ கடித்தெடுத்தது போலவோ தெரியும்.

பதில் | ஹெட்கேஸ்கெட்

0.05கூட நுழையாமல் எவ்வளவு நாள் ஓடியது என்று தெரியாது; எரிந்திருக்கும் என்றே எதிர்பாருங்கள். அப்போதும் கழற்றவேண்டியது ஹெட்டை மட்டும்தான். பிளாக் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

ஹெட் லேத்துக்குப் போகும்போது கேட்டு வாங்கவேண்டியவை: எரிந்த வால்வுக்குப் புதுசு, எக்ஸாஸ்ட் சீட் எட்டுக்கும் எல்பிஜி தாங்கும் கடின சீட், கைடில் (வால்வு தண்டு ஓடும் குழல்) ஆட்டம் இருக்கிறதா என்ற செக், புது வால்வு ஸ்டெம் சீல். கைடு ஆடினால் புது சீட்டும் சீக்கிரம் சாய்ந்து தேயும். ஹெட்டின் அடிப்பரப்பில் ஸ்ட்ரெயிட் எட்ஜ் வைத்து ஃபீலர் நுழைகிறதா பார்க்கச் சொல்லுங்கள், அனுமதி அளவு மேனுவலில் இருக்கும். திரும்பி வந்ததும் போர்ட்டில் மண்ணெண்ணெய் ஊற்றிப் பத்து நிமிடம் வையுங்கள். வால்வு ஓரத்தில் கசிந்தால் திருப்பி அனுப்புங்கள், மாட்டாதீர்கள்.

ஹெட் போல்ட்டை ஆறிய இன்ஜினில், இறுக்கும் வரிசைக்குத் தலைகீழாகத் தளர்த்தணும். கோணம் வைத்து இறுக்கும் வகைப் போல்ட்டாக இருந்தால் பழசைத் திரும்பப் போடாதீர்கள், அது ஏற்கெனவே நீண்டிருக்கும். ஹெட் வெளியே இருக்கும்போது மூன்றாவது சிலிண்டரின் உள்சுவரில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். ஹோனிங் கோடு (சுவரில் போட்டிருக்கும் மெல்லிய குறுக்குக் கோடுகள்) தெரிந்து நகத்தில் எதுவும் தட்டாவிட்டால் ரீபோர் பேச்சை அங்கேயே முடித்துவிடலாம். புது சீட் போட்டபின் 1,000 கி.மீ.யில் கிளியரன்ஸ் மறுபடி பாருங்கள், வால்வு சீட்டில் படியும்போது அளவு கொஞ்சம் நகரும்.