உதவி: டி7000 காலத்து டொகினா 11–16, டாம்ரான் 90 இரண்டும் இசட் 5-ல் ஆட்டோஃபோகஸ் ஆகவில்லை, காவடிக்குள் வழி உண்டா?

குவாத்ர் போர்ன் டீச்சர்

எல்லாருக்கும் வணக்கம். இங்கே மொரீஷியஸில், இந்த வருடக் காவடி மலருக்குப் படம் எடுக்கும் பொறுப்பைக் கோயிலில் என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். இத்தனை நாள் நிக்கான் டி7000 வைத்திருந்தேன். இப்போது செகண்ட்ஹேண்டில் இசட் 5 வாங்கினேன், கூடவே பழைய நிக்கான் லென்ஸை இசட் காமிராவில் மாட்ட உதவும் நிக்கானின் எஃப்டிஇசட் அடாப்டரும். கையில் இருக்கும் லென்ஸ் இரண்டு: டொகினா 11–16 எஃப் 2.8 (முதல் பதிப்பு), டாம்ரான் 90 மி.மீ. மேக்ரோ (அப்பர்ச்சர், அதாவது ஒளி நுழையும் துளை, அதை மாற்றும் வளையம் உள்ள பழைய மாடல்).

இரண்டிலுமே ஆட்டோஃபோகஸ் இல்லை. ஷட்டரைப் பாதி அழுத்தினால் ஒரு சத்தமும் கிடையாது. ஆனால் படம் விழுகிறது, வெளிச்ச அளவு சரியாக இருக்கிறது, எத்தனை மி.மீ., எந்த அப்பர்ச்சர் என்பதெல்லாம் படத்தோடு பதிவாகிறது. மின் முனைகளை உலர்ந்த துணியால் துடைத்துப் பார்த்தேன், மாற்றமில்லை. அதே லென்ஸை டி7000-ல் மாட்டினால் பழையபடி கர்ரென்று ஓடுகிறது.

டொகினாவில் இன்னொரு சிக்கல். ஃபோகஸ் வளையத்தைத் திருகினால் அது பாட்டுக்குச் சுற்றுகிறது, படம் மாறவே இல்லை. உள்ளே ஏதும் கழன்றுவிட்டதா? கடையில் “அடாப்டர் போட்டால் எல்லா நிக்கான் மவுன்ட் லென்ஸும் ஓடும்” என்றுதான் சொல்லிக் கொடுத்தார்கள். அடாப்டர் கோளாறா, லென்ஸ் கோளாறா, மெனுவில் ஏதாவது மாற்ற வேண்டுமா? புது லென்ஸ் வாங்க இப்போது பணம் இல்லை.

ரோஸ் ஹில் கலியாணப் படம்

டீச்சர், வணக்கம். முதலில் பயத்தை விடுங்கள். நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் எதுவும் கெடவில்லை.

டொகினாவைக் கழற்றிப் பின்பக்க உலோக வளையத்தைப் பாருங்கள். ஓரத்தில் சிறிய வட்டத்துக்குள் ஒரு கோடு வெட்டியிருக்கும், திருப்புளி வைக்கிற திருகு தலை மாதிரியே. டாம்ரானிலும் அது இருக்கும். அந்த லென்ஸ்களுக்குள் மோட்டார் கிடையாது. டி7000-ன் மவுன்டிலிருந்து ஒரு சின்னத் தண்டு நீண்டு வந்து அந்தக் கோட்டில் உட்காரும், பாடிக்குள் இருக்கிற மோட்டார் அதைச் சுழற்றும். நீங்கள் கேட்ட கர்ர் சத்தம் அதுதான். இசட் 5-லும் அந்த மோட்டார் இல்லை, எஃப்டிஇசட்டிலும் இல்லை, 2021-ல் வந்த இரண்டாவது எஃப்டிஇசட்டிலும் இல்லை. மெனுவில் எதை மாற்றினாலும் இந்த இரண்டில் ஆட்டோஃபோகஸ் வராது. உள்ளே மோட்டார் இல்லாத நிக்கானின் சொந்தப் பழைய ஏஎஃப்-டி லென்ஸுக்கும் இதே கதிதான், வெளி நிறுவன லென்ஸுக்கு மட்டும் நடக்கிற ஓரவஞ்சனை இல்லை.

அடாப்டர் நடுவில் வெற்றுக் குழாய்தான். பழைய எஃப் மவுன்டில் லென்ஸுக்கும் சென்சாருக்கும் நடுவே 46.5 மி.மீ. இடைவெளி, இசட் மவுன்டில் 16 மி.மீ. மிச்சமுள்ள 30.5 மி.மீட்டரை நிரப்பத்தான் அந்தக் குழாய். கண்ணாடி எதுவும் இல்லை, அதனால் படத் தரம் குறையாது. மின் முனைகளும், அப்பர்ச்சர் நெம்புகோலைத் தள்ளும் பொறியும் உள்ளே உண்டு. வெளிச்சமும் விவரப் பதிவும் சரியாக வருவது அதனால்தான்.

வளையம் சும்மா சுற்றுவதற்கு: டொகினாவின் ஃபோகஸ் வளையத்தை அப்படியே பிடித்து காமிரா பக்கமாக இழுங்கள். டக்கென்று ஒரு சத்தத்தோடு பின்னால் வந்து உட்காரும். முன்னால் இருந்தால் ஆட்டோ, பின்னால் இருந்தால் மேனுவல். முன்னால் இருக்கும்போது வளையம் எதையும் நகர்த்தாது. டி7000-ல் எப்போதும் ஆட்டோவிலேயே வைத்திருந்திருப்பீர்கள், அதனால் கண்ணில் பட்டிருக்காது.

டாம்ரானில் அப்பர்ச்சர் வளையத்தை மிகப் பெரிய எண்ணுக்குத் திருப்பிப் பூட்டிவிடுங்கள். அப்போதுதான் பாடியிலிருந்து அப்பர்ச்சரை மாற்ற முடியும்.

வாக்குவா வெளிச்சம்

அக்கா, இணையத்தில் மலிவு அடாப்டர்கள் நிறைய இருக்கின்றன, நிக்கான் எஃப்டிஇசட்டைவிடப் பல மடங்கு விலை குறைவு. அதில் ஒன்றைப் போட்டுப் பார்க்கலாமே?

ரோஸ் ஹில் கலியாணப் படம்

தம்பி, வேண்டாம். கையிலிருப்பதே நல்லது. அந்த மலிவு வளையங்களில் மின் முனையே இருக்காது. டொகினா 11–16-ல் அப்பர்ச்சர் வளையம் கிடையாது, பாடி சொல்லித்தான் துளை மாற வேண்டும். மலிவு அடாப்டரில் ஒரு சின்ன வளையத்தைத் திருகி, எந்த அளவு என்று தெரியாமலே துளையை மூட வேண்டியிருக்கும். மி.மீ. தகவல் பாடிக்குப் போகாது. இசட் 5-ல் உள்ள நடுக்கத் தடுப்புக்கு அந்த எண் தேவை, ஒவ்வொரு முறையும் மெனுவில் கையால் போட வேண்டும். கீழே சொல்லப்போகிற பச்சைக் கட்டமும் போய்விடும்.

போர்ட் லூயிஸ் ஃபிலிம்காரர்

நான் கேனன் பக்கம். ஃபிலிம் காலத்தில் வாங்கிய வெளி நிறுவன லென்ஸ் ஒன்று என்னிடம் உண்டு, உள்ளேயே மோட்டார் உள்ளது. முழுத் திறப்பில் படம் எடுக்கிறது, துளையைக் கொஞ்சம் மூடினால் பாடி பிழை காட்டி நின்றுவிடுகிறது. கண்ணாடி இன்னும் பளிங்கு மாதிரி இருக்கிறது. மோட்டார் இருந்தும் ஏன் இப்படி என்று யாராவது விளக்கினால் டீச்சருக்கும் பயன்படும்.

மோக்கா மின்னணு

ஐயா, இது வேறு ரகப் பிரச்சினை. கேனன் ஈஎஃப் மவுன்ட் 1987-ல் வந்தபோதே லென்ஸும் பாடியும் முழுக்க மின் குறியீட்டில்தான் பேசின, நெம்புகோல் எதுவும் இல்லை. வெளி நிறுவனங்கள் அந்தப் பேச்சை அளந்து பார்த்துத் தாங்களே சில்லு செய்தார்கள். பள்ளிக்கூடம் போகாமல் தெருவில் காதால் கேட்டே ஒரு மொழியைக் கற்றவர், அதுவரை கேட்காத ஒரு வாக்கியம் வந்தால் முழிப்பார் அல்லவா? அந்த லென்ஸும் அப்படித்தான். அது செய்யப்பட்ட காலத்துப் பாடிகள் கேட்காத ஒன்றைப் பிந்தைய பாடி கேட்கிறது, துளையை மூடும் கட்டளை அதற்குப் புரிவதில்லை. முழுத் திறப்பில் அந்தக் கட்டளையே தேவையில்லை, அதனால் ஓடிவிடுகிறது. அடாப்டர் மாற்றி இதைத் தீர்க்க முடியாது. முழுத் திறப்பு லென்ஸாகவே வைத்துக்கொள்ளுங்கள், முகப் படங்களுக்கு அருமையாக இருக்கும்.

இதிலிருந்து எல்லாருக்கும் ஒன்று சொல்கிறேன். பழைய லென்ஸ் ஓடவில்லை என்றால் மூன்று கேள்வியை இந்த வரிசையில் கேளுங்கள். லென்ஸுக்குள் மோட்டார் உண்டா? உண்டென்றால், அதன் சில்லு இந்தப் பாடியின் பேச்சைப் புரிந்துகொள்கிறதா? புரியவில்லை என்றால், சில்லின் ஃபர்ம்வேரை (உள்ளிருக்கும் மென்பொருளை) மாற்ற வழி உண்டா?

முதல் கேள்விக்கு நிக்கான்காரர்களுக்கு எளிய சோதனை இருக்கிறது. 2006-ல் வந்த டி40 தொடங்கி, டி3000, டி5000 வரிசைகள் எதிலும் பாடி மோட்டார் இல்லை. நண்பர் யாரிடமாவது ஒரு டி5300 இருந்தால் அதில் லென்ஸை மாட்டிப் பாருங்கள். அதில் ஆட்டோஃபோகஸ் ஓடினால் லென்ஸுக்குள் மோட்டார் இருக்கிறது. ஓடாத லென்ஸ் எஃப்டிஇசட்டிலும் ஓடாது.

மூன்றாவது கேள்வி லென்ஸின் வயதைப் பொறுத்தது. சிக்மாவின் ஆர்ட், கன்டெம்பரரி, ஸ்போர்ட்ஸ் வரிசைகளுக்கு யூஎஸ்பி டாக் உண்டு, வீட்டிலேயே கணினியில் செருகி ஃபர்ம்வேர் ஏற்றலாம். டாம்ரானின் புதிய எஸ்பி லென்ஸ்கள் பலவற்றுக்கு டாப்-இன் கன்சோல். 2018-ல் முதல் இசட் காமிராக்கள் வந்ததுமே இரண்டு நிறுவனமும் எந்த லென்ஸ் எஃப்டிஇசட்டோடு ஒத்துப்போகும் என்று அறிவித்தன, டாம்ரான் சில லென்ஸுக்குப் புது ஃபர்ம்வேரும் தந்தது. வாங்குமுன் அந்த அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள். அதற்கு முந்தைய தலைமுறை லென்ஸ்களில் டாக் செருக வழியே இல்லை.

பூ பாசான் வாசகர்

எனக்கு இரண்டாவது ரகம். உள்ளே மோட்டாரும் நடுக்கத் தடுப்பும் உள்ள வெளி நிறுவன 70–200. எஃப்டிஇசட்டில் ஃபோகஸ் ஆகிறது, ஆனால் சில படங்களில் நடு தெளிவு, ஓரம் இழுத்த மாதிரி.

மோக்கா மின்னணு

இரண்டு நடுக்கத் தடுப்பு ஒன்றோடொன்று மல்லுக்கட்டுகிறதா என்று முதலில் பாருங்கள். ஒரு சுவரை, அதே ஷட்டர் வேகத்தில், லென்ஸ் பொத்தானை அணைத்தும் போட்டும் எடுத்து ஓரங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். அணைத்தபோது ஓரம் சரியானால் அணைத்தே வைத்து ஷட்டரை வேகமாக்குங்கள். எஃப்டிஇசட்டுக்கும் தனி ஃபர்ம்வேர் உண்டு. மாட்டியிருக்கும்போது காமிரா மெனுவின் ஃபர்ம்வேர் பக்கத்தில் அதன் பதிப்பும் தெரியும்.

குவாத்ர் போர்ன் டீச்சர்

அண்ணா, டொகினா வளையம் டக்கென்று பின்னால் வந்தது! இப்போது ஃபோகஸ் மாறுகிறது. பின்பக்கத்தில் திருகுக் கோடும் இருக்கிறது, இரண்டிலும். ரொம்ப நன்றி. ஆனால் காவடி நின்று போஸ் கொடுக்காதே. மயிலிறகும் எலுமிச்சையும் ஆட, ஆடிக்கொண்டே வருவார்கள். கையால் ஃபோகஸ் செய்து எப்படிப் பிடிப்பது?

ரோஸ் ஹில் கலியாணப் படம்

அகல லென்ஸுக்குக் கவலையே வேண்டாம். 11 மி.மீ.யில் எஃப் 5.6 வைத்து, 1 மீட்டரைச் சற்றுத் தாண்டி ஃபோகஸை நிறுத்தினால் ஏறக்குறைய அரை மீட்டரிலிருந்து மலை உச்சி வரை தெளிவாக இருக்கும். 16 மி.மீ.யில் அதே எஃப் 5.6-க்கு 2.3 மீட்டர், அப்போது 1.2 மீட்டரிலிருந்து தெளிவு. லென்ஸின் அளவுகோலை மட்டும் நம்பாமல், வ்யூஃபைண்டரில் பெரிதாக்கிப் பார்த்து ஒருமுறை சரிசெய்துவிட்டு, வளையத்தில் ஒரு சின்ன டேப் ஒட்டிவிடுங்கள். பிறகு ஃபோகஸைத் தொடவே வேண்டியதில்லை. கோர் தெ கார்த் மலைக் கோயில் படியில் நெரிசலுக்குள் நின்று எடுக்க இதைவிட வேகமான ஆட்டோஃபோகஸ் எதுவும் கிடையாது என்பது என் உறுதியான எண்ணம்.

அந்த டொகினா டிஎக்ஸ் லென்ஸ், அதாவது டி7000 போன்ற சிறிய சென்சாருக்குச் செய்தது; இசட் 5 முழுச் சென்சார். மூலை கறுத்து வந்தால் மெனுவில் பட அளவை டிஎக்ஸ் என்று வையுங்கள். 24 மெகாபிக்சல் ஏறக்குறைய 10 ஆகக் குறையும், ஆனால் ஏ4 பக்கம் முழுக்க அச்சடிக்க அது தாராளம். 16 மி.மீ.யில் மட்டும் முழுச் சென்சாரையும் பெரும்பாலும் நிரப்பிவிடும்.

டாம்ரான் 90 கடினமானது, அதை மறைக்க மாட்டேன். ஒரு மீட்டர் தூரத்தில், எஃப் 2.8-ல் தெளிவு விழும் ஆழம் இரண்டு சென்டிமீட்டர்தான். கன்னத்தில் குத்திய வேல் தெளிவாக வந்தால் கண் மங்கிவிடும். எஃப் 8-க்குப் போங்கள், ஆறு சென்டிமீட்டர் கிடைக்கும். ஷட்டர் 1/500, ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விடுங்கள். வெயில் காலம், பகலில் வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை. ஃபோகஸ் பீக்கிங்கைப் போட்டுக்கொள்ளுங்கள், தெளிவான விளிம்புகள் நிறத்தில் மின்னும். ஆனால் மயிலிறகு, பூ, ஜரிகை என்று விளிம்பு நிறைந்த காட்சியில் பீக்கிங் எங்கும் மின்னி ஏமாற்றும். அங்கே ஃபோகஸ் கட்டத்தை முகத்தின் மேல் வைத்து வளையத்தைத் திருகுங்கள். சரியான இடத்தில் கட்டம் பச்சையாகும். உங்கள் லென்ஸில் சில்லு இருப்பதால் இது கிடைக்கும்.

ஆட்களைத் துரத்த வேண்டாம். அவர்கள் நின்று தீபம் காட்டும் இடம், தேங்காய் உடைக்கும் இடம், கோயில் வாசல்படி, இப்படி ஒரு இடத்தில் முன்கூட்டியே ஃபோகஸ் வைத்துவிட்டு, அந்த இடத்துக்கு வரும்போது தொடர்ச்சியாகச் சில படம் எடுங்கள். நீங்கள் முன்பின் அரை அடி நகர்ந்து பச்சைக் கட்டத்தைப் பிடிப்பது வளையத்தைத் திருகுவதைவிட எளிது.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. டி7000-ல் ஃபோகஸ் பார்க்கும் சென்சார் வேறு, படம் எடுக்கும் சென்சார் வேறு. இரண்டும் ஒத்துப்போகாமல் ஃபோகஸ் கொஞ்சம் முன்னோ பின்னோ விழும். இசட்டில் படச் சென்சாரிலேயே பார்ப்பதால் நீங்கள் காண்பதுதான் விழும். இந்த டாம்ரானின் உண்மையான கூர்மையை இப்போதுதான் பார்க்கப்போகிறீர்கள்.

வாக்குவா வெளிச்சம்

பின்னால் பணம் சேர்ந்தால் எதை வாங்கலாம் அண்ணா?

மோக்கா மின்னணு

நான் சொல்லலாமா? டாம்ரான் 2022-லும் சிக்மா 2023-லும் நிக்கானின் உரிமத்தோடு இசட் மவுன்டுக்கே லென்ஸ் கொண்டுவந்தன. அந்தப் பேச்சை முறைப்படி கற்ற லென்ஸ்கள் அவை, அடாப்டரும் வேண்டாம். செலவைக் குறைக்க நினைத்தால் எஃப்டிஇசட்டுக்கு, உள்ளே மோட்டார் உள்ள நிக்கான் ஏஎஃப்-எஸ் லென்ஸ் ஒன்றை செகண்ட்ஹேண்டில் தேடுங்கள். டொகினா 11–16-ன் இரண்டாம் பதிப்பில் நிக்கானுக்கும் உள்ளே மோட்டார் உண்டு, ஆனால் உங்கள் பாடியில் மாட்டிப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். கியூர்பிப், வாக்குவா பக்கத்து லென்ஸ் என்றால் பின்புறம் டார்ச் அடித்துப் பூஞ்சை நூல் ஓடுகிறதா என்றும் பாருங்கள். அந்த ஈரத்தில் அலமாரியில் கிடந்த லென்ஸ் நிறையப் பாழாகியிருக்கிறது.

குவாத்ர் போர்ன் டீச்சர்

இன்று மாலை கோயில் வாசலில் 11–16-ஐ டேப் ஒட்டி முயன்றேன். கோபுரமும் தெளிவு, பக்கத்தில் நின்ற பிள்ளைகளும் தெளிவு. டாம்ரானில் பச்சைக் கட்டம் வருகிறது, நான் பழக வேண்டும். அண்ணா, காவடிக்கு முந்தைய சனிக்கிழமை மெட்ரோ பிடித்து ரோஸ் ஹில் வந்தால் அரை மணி நேரம் 90-ஐ வைத்துச் சொல்லித்தர முடியுமா?

ரோஸ் ஹில் கலியாணப் படம்

வாருங்கள் டீச்சர். காலை பத்து மணிக்கு மேல். டி7000-ஐயும் எடுத்து வாருங்கள், அன்றைக்கு 90-ஐ அதில் ஆட்டோஃபோகஸோடு மாட்டி, இசட் 5-ல் அகல லென்ஸை நிரந்தரமாக விட்டுவிட்டால் இரண்டு பாடியாக எடுக்கலாம். பேட்டரி இரண்டுக்கும் ஒத்துப்போகிறதா என்பதையும் அங்கேயே பார்த்துவிடுவோம்.