டட்சன் 120ஒய்: பின்சக்கர ட்ரம்மைக் கழற்றிவிட்டு டிஸ்க் போடலாமா?

ஈசூன்_பழையவண்டி
அப்பா ஓட்டிய அதே மாடல்தான் வேண்டும் என்று அலைந்து பிடித்த 1976 வண்டி. சிங்கப்பூரில் பழைய கார்களுக்கான கிளாசிக் திட்டத்தில் இருக்கிறது, வருடத்துக்கு அதிகபட்சம் 45 நாள்தான் வெளியே எடுக்கலாம். முன்னால் டிஸ்க் பிரேக் (சக்கரத்தோடு சுற்றும் தட்டைப் பேட் கவ்விப் பிடிக்கும்), பின்னால் ட்ரம் பிரேக் (சுற்றும் உருளைக்குள் ஷூ விரிந்து அழுத்தும்). போன ஞாயிறு பிஐஇ விரைவுச்சாலையில் முன்னால் போன லாரி சட்டென்று நிற்க, நான் மிதித்த பெடல் பாதி தூரம் சும்மா இறங்கியது, பதறி இன்னொரு மிதி மிதித்த பிறகுதான் பிடித்தது. பக்கத்தில் இருந்த மனைவி வீடு வரும்வரை வாயே திறக்கவில்லை. பின்னாலும் டிஸ்க் போட்டுவிடலாம் என்று ஒரு பட்டறையில் விசாரித்தேன், "இரண்டு நாள் வேலை" என்றார்கள், அதற்கு மேல் எதைக் கேட்டாலும் மழுப்பல். யாராவது செய்திருக்கிறீர்களா? இன்ஸ்பெக்‌ஷனில் தகராறு வருமா?

ஷூவும்_ஸ்பிரிங்கும்
தம்பி, முதல் மிதியில் இறங்கி இரண்டாவது மிதியில் மேலே நிற்கிறது என்றால் டிஸ்க்கைப் பற்றி இப்போது யோசிக்கவே வேண்டாம். ஷூ தேய்ந்து ட்ரம்மை விட்டு விலகி நிற்கிறது, முதல் மிதியில் போகிற ஆயில் முழுக்க அந்த இடைவெளியை மூடவே செலவாகிவிடுகிறது. ஒரு சோதனை: வண்டி நிற்கும்போது கைபிரேக்கை நன்றாக இழுத்துப் பிடித்துக்கொண்டு பெடலை மிதியுங்கள். உடனே உயரத்தில் நின்றால் குறை பின்னால்தான்.

அப்புறம் ட்ரம்மைக் கழற்றி, ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை நகத்தால் லேசாக நெம்பிப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் சிலிண்டர் ஒழுகுகிறது. வருடம் முழுக்க நிற்கிற வண்டி, நம் ஊர் ஈரப்பதம், பிரேக் ஆயில் தண்ணீரை உறிஞ்சும், உள்ளே துரு பிடிக்காமல் என்ன செய்யும்? ட்ரம்முக்குள் இருக்கும் தூசியை மட்டும் காற்றடித்து ஊதாதீர்கள், பழைய ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணியால் துடையுங்கள்.

காக்கிபுக்கிட்_ராஜா
நான் என் பழைய டட்சனுக்குப் போட்டேன், பணம் போனது, பாதி வருத்தம்தான். பேடை அழுத்தும் காலிப்பரும் டிஸ்க்கும் வாங்கினால் முடிந்தது என்று நினைத்தேன். ஷூவைத் தாங்கும் பேக்கிங் பிளேட்டை எடுக்க, சக்கரத்தைச் சுழற்றும் ஆக்ஸில் ஷாஃப்ட்டையே உருவ வேண்டியிருந்தது. பெடலை மிதித்ததும் ஆயிலைத் தள்ளுவது மாஸ்டர் சிலிண்டர், ட்ரம்முக்கானதில் லைனில் கொஞ்சம் அழுத்தம் பிடித்துவைக்கும் வால்வு ஒன்று உண்டு, அதை எடுக்காமல் விட்டதால் பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருந்தது, காப்பிக்கடை வரை போய் வந்தாலே ரிம் சுடும். ட்ரம்மில் சக்கரம் சுற்றும் வேகமே முன் ஷூவை உள்ளே இழுத்து இறுக்கும், டிஸ்க்கில் அது கிடையாது, மிதிக்கும் பலத்தைக் கூட்டிக்கொடுக்கும் பூஸ்டர் இல்லாத வண்டியென்றால் கால் வலிக்கும். கைபிரேக் வேலை செய்யும் காலிப்பர் கிடைக்காவிட்டால் மல்டிஸ்டோரி கார்ப்பார்க் சரிவில் நிறுத்தவே பயம்.

இதையெல்லாம் சரி செய்த பிறகு, ஒரு மழை நாளில் பின்சக்கரம் இரண்டும் லாக் ஆகி வண்டியின் வால் பக்கத்து லேனுக்குப் போனது! பிரேக் பிடித்தால் எடை முன்னால் சாய்கிறது, பின்னால் டயருக்குப் பிடிப்பு குறைகிறது, அங்கே போய் பலத்தைக் கூட்டியிருக்கிறேன். பின்பக்க அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு வைத்த பிறகுதான் அடங்கியது. கைவைக்கும் முன் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் (எல்டிஏ) வண்டி மாற்ற விதிகளைப் படித்துவிடுங்கள், இன்ஸ்பெக்‌ஷன் சென்டரிலும் நேரில் கேளுங்கள், பட்டறை சொல்வதை நம்பி இறங்காதீர்கள்.

லெண்டோர்_மணி
ட்ரம் அவ்வளவு உத்தமம் என்றும் சொல்ல முடியாது. தேங்கின தண்ணீரில் இறங்கி ஏறினால் கொஞ்ச தூரத்துக்குப் பிடிக்காது, டிஸ்க் சீக்கிரம் காயும். ஆனால் இறக்கமான மலைப்பாதையே இல்லாத ஊரில் 120ஒய்க்குப் பின்னால் டிஸ்க் அழகுக்குத்தான். அந்தக் காசுக்கு முன்னால் நல்ல பேட், புது ஹோஸ் (பிரேக் ஆயில் போகும் ரப்பர் குழாய்) போடுங்கள்.

ஈசூன்_பழையவண்டி
கைபிரேக் இழுத்துப் பார்த்தேன், பெடல் கல் மாதிரி நின்றது. அண்ணே, நீங்கள் சொன்னபடியே கழற்றினேன், வலது பக்க ரப்பரை நெம்பினதும் ஆயில் விரல் வழியாக முழங்கைக்கு ஓடியது, ஷூ முழுக்க ஊறிக் கிடக்கிறது. இடது பக்கம் ஈரமில்லை, ஆனால் ஷூ இடைவெளியைச் சரிசெய்யும் அட்ஜஸ்டர் துருப்பிடித்து அசையவே மாட்டேன் என்கிறது. இரண்டு பக்கத்துக்கும் சிலிண்டர், ஷூ சொல்லிவிட்டேன். டிஸ்க்குக்கு எடுத்து வைத்த காசில் முன்பக்க ஹோஸும் வாங்குகிறேன். ஓட்டிப் பார்க்க ஒரு நாள் கழியும், இந்த வருட 45 நாளில் மீதம் 31. மனைவி ஏற வருவாளா என்பது வேறு கதை.