வேதாகமக் கதைகளும் கைவேலையும்: செய்த பொருள் நினைவிருக்கிறது, கதை மறந்துபோகிறது

கேள்வி: அட்டனிலிருந்து ஓர் ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். அட்டனுக்கு அருகிலுள்ள ஒரு தோட்டத்துச் சபையில் 4 ஆண்டுகளாக ஓய்வுநாள் பாடசாலை நடத்தி வருகிறேன். 5 வயது முதல் 12 வயது வரையிலான 23 பிள்ளைகள் ஒரே அறையில் இருக்கிறார்கள். கதையைச் சொல்லி முடித்ததும் ஒரு கைவேலை கொடுப்பது என் வழக்கம். நோவாவின் கதைக்கு வானவில் வெட்டி ஒட்டினோம். காணாமற்போன ஆட்டின் கதைக்குப் பஞ்சு ஒட்டி ஆட்டுக்குட்டி செய்தோம். பிள்ளைகள் ஆசையோடுதான் செய்கிறார்கள். ஆனால் சென்ற மாதம், தான் செய்த ஆட்டுக்குட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீட்டுக்கு) புறப்பட்ட 7 வயதுப் பிள்ளையிடம், "இந்த ஆடு எங்கே போயிருந்தது?" என்று கேட்டேன். அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. 99 ஆடுகளை விட்டுவிட்டு மேய்ப்பன் தேடிப் போனது அவள் மனத்தில் பதியவே இல்லை. அன்று முதல் இது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

இன்னொரு சிரமமும் உண்டு. பிரிஸ்டல் போர்டும் கம்மும் வாங்கச் சபையில் பணம் இல்லை. பருவமழைக் காலத்தில் ஒட்டியது எதுவும் காய்வதுமில்லை. நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

பதில் 1: பண்டாரவளையிலிருந்து

சகோதரிக்கு, இதே கவலையோடு நானும் பல ஆண்டுகள் பாடம் நடத்தியிருக்கிறேன். கதை முடிந்தபின் அதற்கு அலங்காரமாக வரும் வேலை கதையோடு ஒட்டுவதில்லை என்பதே என் அனுபவம். கதையில் வருகிறவர்கள் தங்கள் கையால் எதைச் செய்தார்களோ அதையே பிள்ளையின் கையும் செய்ய வேண்டும்.

மாற்கு 2ஆம் அதிகாரத்தில் நான்கு பேர் ஒரு திமிர்வாதக்காரனை (கைகால் அசைக்க முடியாத நோயாளியை) சுமந்து வந்து, கூட்டத்தினால் உள்ளே போக முடியாமல், மேற்கூரையைப் பிரித்துப் படுக்கையோடு அவனை இறக்குகிறார்கள். தகரக் கூரையின் கீழ் வளர்ந்த எங்கள் பையன் ஒருவன், "ஆணியைக் கழற்றினால் சத்தம் கேட்டிருக்குமே, டீச்சர்?" என்றான். அந்நாளைய பலஸ்தீன வீட்டின் கூரை தட்டையானது, மரச்சட்டங்களின் மேல் கிளைகளைப் பரப்பி மண் பூசியிருப்பார்கள் என்று வாயால் சொன்னேன், அவனுக்கு விளங்கவில்லை. ஆகவே கட்டியே பார்த்தோம். ஒரு பிஸ்கட் பெட்டியைச் சுவராக வைத்து, கவ்வாத்து வெட்டிய (தேயிலைச் செடிகளைக் கத்தரித்த) மலையிலிருந்து பொறுக்கி வந்த தேயிலைக் குச்சிகளை மேலே குறுக்காக அடுக்கி, அதன்மேல் மானாப்புல்லைப் பரப்பி, குழைத்த களிமண்ணைப் பூசி, ஒரு வாரம் அடுப்பங்கரையில் காய வைத்தோம்.

அடுத்த ஞாயிறுதான் கதையைச் சொன்னேன். கூரையைப் பிள்ளைகளே தோண்டினார்கள். மண் கட்டி கட்டியாக உள்ளே விழுந்தபோது, கீழே நிறுத்தியிருந்த காகித மனிதர்களை ஒரு சிறுமி தன் கையால் மூடிக்கொண்டாள். தீப்பெட்டியின் உள்தட்டு எங்களுக்குப் படுக்கை. அதன் நான்கு மூலையிலும் நூல் கட்டி நான்கு பிள்ளைகளிடம் கொடுத்தேன். ஒருவன் அவசரப்பட்டதால் தட்டு சரிந்து நோயாளி விழுந்துவிட்டான். இரண்டாம் முறையும் அப்படியே ஆயிற்று. மூன்றாம் முறை அவர்களாகவே எண்ணிக்கொண்டு, ஒரே அளவாக நூலை விட்டார்கள். அதன் பிறகு, "இயேசு அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" என்ற இடத்தை வாசித்து, யாருடைய விசுவாசம் என்று கேட்டேன். "கயிறு பிடித்தவங்களுடையது" என்று அந்த அவசரக்காரனே சொன்னான்.

பதில் 2: தலவாக்கலையிலிருந்து

மேலே சொல்லப்பட்டது மிக அருமையான வழி. என்றாலும் எல்லாக் கதைக்கும் அது கைகொடுக்காது. சில கதைகளில் அளவுதான் முக்கியம். நோவாவின் பேழை 300 முழ நீளம், 50 முழ அகலம், 30 முழ உயரம் என்று ஆதியாகமம் சொல்கிறது. முழங்கையிலிருந்து விரல்நுனி வரை தங்கள் முழத்தைப் பிள்ளைகளே நூலால் அளந்து பார்க்கட்டும். பெரியவர் ஒருவரின் முழம் சுமார் 45 சென்டிமீட்டர் என்று கொண்டால் பேழையின் நீளம் ஏறத்தாழ 135 மீட்டர் வரும். அதைத் தோட்டத்து ரோட்டில் நடந்தே அளந்தோம். சபை வாசலில் தொடங்கியது பிள்ளைக் காம்பராவையும் (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தையும்) தாண்டிப் போனது. பிறகு ஒரு முழத்துக்கு ஒரு மில்லிமீட்டர் என்று வைத்து அட்டையில் வெட்டினோம்: 30 சென்டிமீட்டர் நீளம், 5 சென்டிமீட்டர் அகலம், 3 சென்டிமீட்டர் உயரம். படங்களில் வரும் வயிறு பெருத்த படகாக இல்லாமல், நீண்ட தட்டையான பெட்டியாக அது வந்ததைக் கண்டு பெரிய பிள்ளைகள் வேதாகமத்தைத் திறந்து மறுபடி வாசித்தார்கள்.

பசையைப் பற்றி: கோதுமை மாப் பசை இந்த ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும், உப்புச் சேர்த்துப் பிசைந்த மா ஈரத்தை இழுத்து இளகிவிடும். ஆகவே பெரிய பிள்ளைகளுக்கு ஊசியும் நூலும், சிறியவர்களுக்குக் களிமண்ணும் போதும்.

பதில் 3: மஸ்கெலியாவிலிருந்து, ஓய்வுபெற்ற ஆசிரியை

மகளே, குழந்தை மோசேயைத் தாய் ஒரு நாணற்பெட்டியில் வைத்து ஆற்றோரம் விட, அவனுடைய அக்கா தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த கதை உண்டே, அந்தப் பெட்டியையும் செய்து பார். சீமெந்துப் பையின் தாளைக் கீலங்களாக வெட்டி, கூடை முடைவது போல இரண்டு சிறு பெட்டிகள் முடையச் சொல். அவர்களுடைய தாத்தாக்களில் முடையத் தெரிந்தவர் யாராவது இருப்பார், அவரையும் அழைத்துக்கொள். ஒன்றுக்கு மட்டும் உள்ளும் புறமும் மெழுகு பூசு. மெழுகை உருக்குவது உன் வேலை, பிள்ளைகளை நெருப்பருகே விடாதே. இரண்டையும் தண்ணீர்ப் பேசினில் மிதக்க விட்டால், பூசாத பெட்டி சற்று நேரத்தில் ஊறி அமிழ்ந்துவிடும். அந்தத் தாய் பிசினும் கீலும் (தாரும்) பூசியது எதற்காக என்பதை அதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. எபிரேய மூலத்தில் நோவாவின் பேழைக்கும் இந்தப் பெட்டிக்கும் ஒரே சொல்தான் வருகிறது; பெரிய பிள்ளைகளுக்கு அதையும் சொல்.

ஆனால் ஒன்றைக் கவனித்துக்கொள். நம் பிள்ளைகளில் பலருடைய தாய்மார் வீட்டு வேலைக்காக வெளிநாடு போயிருக்கிறார்கள். தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது அக்காமார்தான். நான் இதைச் செய்த அன்று, 10 வயதுப் பிள்ளை ஒருத்தி பேசினருகிலேயே நின்றுகொண்டு, "அந்த அக்கா எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்?" என்று கேட்டாள். அன்று நான் பாடத்தை நிறுத்திவிட்டு அவளோடு உட்கார்ந்திருந்தேன். ஆகவே இந்தக் கதைக்கு இரண்டு ஞாயிறு ஒதுக்கு. பேச விரும்பாத பிள்ளையைப் பேசச் சொல்லி வற்புறுத்தாதே. பிள்ளை கோணலாக முடைந்த பெட்டியை நீ திருத்தவும் வேண்டாம்.

கேள்வி கேட்டவரின் பதில்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று மேற்கூரைக் கதையைச் செய்தோம். மண் சரியாகக் காயாமல் ஒரு பக்கம் தானாகவே இடிந்துவிட்டது. பிள்ளைகள் அந்த இடத்தை மறுபடி பூசிவிட்டு, முறையாகத் தோண்டித்தான் இறக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார்கள். ஆட்டுக்குட்டியை அணைத்துக்கொண்டு போன அந்தப் பிள்ளை ஒரு மூலை நூலைப் பிடித்திருந்தாள். இன்று காலை கொழுந்து மலைக்குப் போகும் வழியில் அவளுடைய அம்மம்மா என்னை நிறுத்தி, அந்த நான்கு பேரும் பிரித்த கூரையைத் திரும்பக் கட்டிக் கொடுத்தார்களா என்று பேத்தி இரவெல்லாம் கேட்டுக்கொண்டிருந்ததாகச் சொன்னார். வருகிற ஞாயிறு அதைப் பற்றித்தான் பேசப் போகிறோம். நாணற்பெட்டி அதற்கடுத்த வாரம். சபையில் எரிந்து மிஞ்சிய மெழுகுதிரித் துண்டுகளை இப்போதே சேர்க்கத் தொடங்கிவிட்டேன்.