வேப்புக்கான (இ-சிகரெட்) கஸ்டர்ட் கலவையை அவசரமாக ஊறவைத்தவர்கள், நடந்ததைச் சொல்லுங்கள்

லெஸ்டர் மாறன்:

வேப் திரவத்தைக் கலந்ததும் மணமும் சுவையும் கூடிவரும்வரை ஊறவிட வேண்டும் என்பார்கள். அல்ட்ராசோனிக், அதாவது ஒலியதிர்வுத் தொட்டியில் போட்டால் ஒரே மாலையில் கஸ்டர்ட் தயார் என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அந்தப் பேச்சைக் கேட்டாலே நண்பர் வீட்டில் பார்த்தது நினைவுக்கு வருகிறது. கலவை உங்களுக்குத் தெரிந்ததுதான். விஜி (கிளிசரின்) 70, பிஜி (பிரொப்பிலீன் கிளைக்கால்) 30, வனிலா கஸ்டர்ட் ஃப்ளேவர், அதன்மேல் கொஞ்சம் பிஸ்கட் ஃப்ளேவர், நிக்கோட்டின் மில்லிக்கு 3 மில்லிகிராம். கலந்ததை அவர் இரண்டு கண்ணாடிப் பாட்டில்களில் பிரித்து ஊற்றினார். ஒன்று அலமாரியின் இருட்டுக்குப் போனது. மற்றது நகை கழுவும் அல்ட்ராசோனிக் தொட்டியில், வெந்நீரில், மாலை முழுக்க ஓடியது.

தொட்டியிலிருந்து எடுத்தபோது பாட்டில் கடுந்தேநீர் நிறத்துக்கு வந்திருந்தது. கூடியிருந்தவர்கள் அந்த நிறத்தைப் பார்த்ததுமே ஊறிவிட்டது என்று முடிவுகட்டிவிட்டார்கள். வேப் கருவியில் புதுப் பஞ்சு மாற்றி, காயிலை (சூடாகும் கம்பிச்சுருள்) நனைத்து, நான் முதலில் இழுத்தேன். தொண்டையில் மிளகு பட்டதுபோல ஓர் உறைப்பு. வனிலா எங்கோ தொலைவில் இருந்தது, பாலேட்டின் கனம் துளியும் இல்லை. ஒரு மாதம் கழித்து அதே வீட்டில் அலமாரிப் பாட்டிலைத் திறந்தோம். அது வெளிர் மஞ்சளாகத்தான் இருந்தது. ஆனால் மூடியைத் திருகியதுமே முட்டையும் பாலும் சேர்ந்த அந்த மணம் மேசை முழுக்கப் பரவியது. கறுத்த பாட்டில் காயாகவும் வெளுத்த பாட்டில் பழுத்தும் இருந்ததை நான் கண்ணால் பார்த்தேன். நிறத்தை வைத்து ஊறலை அளக்காதீர்கள் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் அன்றிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

தேம்ஸ்கரையான்:

மாறன் அண்ணா, நிறம் பற்றி நீங்கள் சொல்வது சரி. அதற்காக வெந்நீரையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதை ஒப்புக்கொள்ள முடியாது.

நான் பழக் கலவைதான் செய்கிறேன், பெரும்பாலும் ஸ்ட்ராபெரி. சென்ற குளிர்காலத்தில் என்னோடு வேலை செய்யும் பையன் ஒருவன், அப்போதுதான் கலந்த பாட்டிலைக் கொண்டுவந்து, ருசியே இல்லை, ஃப்ளேவர் கெட்டுப்போய்விட்டது என்றான். பாட்டிலை மேசை விளக்குக்கு எதிரே பிடித்து மெதுவாகச் சாய்த்துப் பார்த்தேன். உள்ளே கண்ணாடி இழைகள் போலக் கோடு கோடாக நெளிந்தது. ஃப்ளேவர் ஒரு பக்கம், கிளிசரின் ஒரு பக்கம், இரண்டும் இன்னும் கைகுலுக்கக்கூட இல்லை. குழாயில் வந்த வெந்நீரை ஒரு கோப்பையில் பிடித்து, பாட்டிலை இறுக மூடி அதில் நிறுத்தினேன். சற்று நேரம் கழித்து எடுத்து நன்றாகக் குலுக்கினேன். திரும்ப வெந்நீர், திரும்பக் குலுக்கல். மறுபடி விளக்கில் பார்த்தால் ஒரு கோடும் இல்லை. அன்று மாலையே அந்தப் பாட்டிலில் ஸ்ட்ராபெரி வந்துவிட்டது. எந்த ரசாயன மாற்றத்துக்கும் அங்கே நேரமே இருக்கவில்லையே!

காரணம் எளிது. தூய கிளிசரின் 20 டிகிரியில் தேனைப்போல இழுபடும். 40 டிகிரியில் அதன் பிசுக்கு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகிவிடும். 60 டிகிரிக்குப் போனால் பதினேழில் ஒரு பங்குதான். லண்டன் வீடுகளில் ஜனவரி மாதம் அலமாரிக்குள் என்ன சூடு இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அங்கே வைத்துவிட்டு ஊறவில்லை என்றால் அது கலவையின் குற்றமா? நாம் ஊறல் என்று சொல்வதில் பெரும்பகுதி வெறும் கலத்தல்தான். அதற்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை.

ஹாரோ வாசுகி:

நான் வேப் பிடிப்பவள் அல்ல. என் கணவர் சிகரெட்டை விட்டது இதனால்தான் என்பதால் வீட்டில் இதற்கு இடம் கொடுத்திருக்கிறேன். நீங்கள் இருவரும் ருசியைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு உறக்கத்தைக் கெடுத்தது வேறு.

நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தோம். பொங்கல் நாள். சமையலறை மேடையில் ஸ்லோ குக்கர் ஓடிக்கொண்டிருந்தது. பாயசம் என்று நினைத்து மூடியைத் தூக்கினேன். உள்ளே துணி விரித்து, வெந்நீரில் வரிசையாகச் சின்னப் பாட்டில்கள். பின்னால் திரும்பினால், ஆறுவதற்காக வெளியே எடுத்து வைத்திருந்த ஒன்று நாத்தனாரின் பேத்தி கையில்! இளஞ்சிவப்புத் திரவம், சொட்டு மருந்துப் பாட்டில் போன்ற மூக்கு, வெளியெல்லாம் ஸ்ட்ராபெரி மணம். மூன்று வயதுக் குழந்தை அதைக் கன்னத்தில் வைத்து வெதுவெதுப்பை ரசித்துக்கொண்டிருந்தது. மூடி திறந்திருக்கவில்லை. ஆனாலும் அந்தப் பிஞ்சு விரல்கள் மூடியைத் திருகப் பார்த்துக்கொண்டிருந்ததை என்னால் மறக்க முடியவில்லை.

யாரும் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். நிக்கோட்டின் விஷம். வாய்வழியாக மட்டும் போவதில்லை, தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும். இங்கே பிரிட்டனில் கடையில் விற்கும் நிக்கோட்டின் திரவம் 10 மில்லி பாட்டிலுக்கு மேல் இருக்கக்கூடாது, ஒரு மில்லிக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது, குழந்தைகள் திறக்க முடியாத மூடி வேண்டும் என்று 2016-இலிருந்து சட்டம் இருக்கிறது. அவ்வளவு கவனமாக அடைத்து விற்றதைக் கொண்டுவந்து, சாதாரண மூடி போட்ட பாட்டிலுக்கு மாற்றி, பாயசம் வைக்கும் சட்டியில் சூடுபடுத்தினால் அந்தச் சட்டத்தால் யாருக்கு என்ன பயன்? ஆகவே, முதலாவது, கலப்பதற்கும் சூடுபடுத்துவதற்கும் தனிப் பாத்திரம் வையுங்கள், அது மறுபடி சமையலுக்கு வரக்கூடாது. கையுறை போடுங்கள். சிந்தினால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பாட்டிலில் பெயரும் தேதியும் நிக்கோட்டின் அளவும் எழுதி ஒட்டுங்கள். பழைய மருந்துப் பாட்டிலிலோ எசன்ஸ் பாட்டிலிலோ ஊற்றி வைக்காதீர்கள். பூட்டும் அலமாரி, உயரமான தட்டு. நாய், பூனை இருந்தாலும் இதேதான். குழந்தை விழுங்கிவிட்டது என்று சந்தேகம் வந்தால் வாந்தி எடுக்க வைக்க முயலாமல் உடனே அவசர உதவிக்குக் கூப்பிடுங்கள், பாட்டிலையும் கையோடு எடுத்துப் போங்கள். இன்னொன்று, வெதுவெதுப்பான பாட்டிலைக் குழந்தை தொடப் பிரியப்படும். அவசரப்படுத்துவதில் உள்ள இந்த ஆபத்தை யாரும் எழுதுவதே இல்லை.

ஸ்கார்பரோ குமரன்:

வாசுகி அக்கா சொன்னதைப் படித்ததும் எங்கள் வீட்டுப் பாட்டில்களையெல்லாம் மேல்தட்டுக்கு ஏற்றிவிட்டேன். நன்றி அக்கா.

மாறன் அண்ணாவின் கதையில் ஒரு விவரத்தை எல்லோரும் தாண்டிப் போய்விட்டீர்கள். அந்தப் பாட்டிலில் நிக்கோட்டினைச் சேர்த்த பிறகுதானே சூடுபடுத்தினார்கள்? அந்தத் தொண்டை உறைப்புக்கு அதுதான் காரணம் என்பது என் துணிபு. காற்று, வெளிச்சம், சூடு மூன்றும் நிக்கோட்டினுக்குப் பகை. ஆக்சிஜனோடு சேரச் சேர அது மஞ்சளாகி, பழுப்பாகி, காரம் ஏறும். டொராண்டோவில் என் அறைத்தோழர் ஒருவர் மூடியைத் திறந்துவிட்டு ‘மூச்சு விட வைப்பது’ என்று ஜன்னலோரம் வெயிலில் வைப்பார். மாலையில் அந்தப் பாட்டில் நிறமே மாறியிருக்கும். ஒருமுறை அதில் இழுத்துவிட்டு இருமிய இருமலில் கண்ணீர் வந்து சுவரைப் பிடித்துக்கொண்டார். அதோடு எலுமிச்சை மணம் போன இடமும் தெரியவில்லை. மெல்லிய பழ வாசனைகள்தான் திறந்த வாயில் முதலில் பறந்துபோகின்றன. மூச்சு விட வைப்பதால் கெடுதலைத் தவிர வேறொன்றையும் நான் பார்த்ததில்லை.

அந்த நண்பர் நிக்கோட்டின் இல்லாமல் சூடுபடுத்தி, ஆறிய பிறகு சேர்த்திருந்தால் மாறன் அண்ணா இன்று வேறு கதை சொல்லியிருப்பார். பிரிட்டனில் இது இன்னும் எளிது. 60 மில்லி பாட்டிலில் 50 மில்லி நிக்கோட்டின் இல்லாத கலவை, கடைசியில் மில்லிக்கு 18 மில்லிகிராம் உள்ள 10 மில்லி நிக் ஷாட் (ஃப்ளேவர் இல்லாத நிக்கோட்டின் திரவம்) ஒன்று, சரியாக மில்லிக்கு 3 மில்லிகிராம் வந்துவிடும்.

சுவைக்கூடத்தான்:

உணவு வாசனைப் பொருள் செய்யும் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். தேம்ஸ்கரையான் தம்பிக்குத்தான் இந்தப் பதில். உங்கள் ஸ்ட்ராபெரிக்கு நீங்கள் சொன்னது முழுக்கப் பொருந்தும். கஸ்டர்டுக்குப் பொருந்தாது. வனிலா மணம் தரும் வனிலின், ஆல்டிஹைடு என்ற வகை வேதிப்பொருள். பிரொப்பிலீன் கிளைக்காலில் அது கரைந்து சும்மா கிடப்பதில்லை, அதோடு சேர்ந்து அசிட்டால் என்ற புதுப் பொருளாக மாறுகிறது. யேல், டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் இதை அளந்து வெளியிட்டார்கள். வனிலின், லவங்கப்பட்டை மணம் தரும் சின்னமால்டிஹைடு போன்றவற்றில் 40 சதவீதமும் அதற்கு மேலும் மாறிவிடுவதைக் கண்டார்கள். அந்த அசிட்டால்கள் ஆவியிலும் வருகின்றன, மூச்சுப்பாதையில் எரிச்சலை உணரும் நரம்பு வாயில்களை மூலப்பொருளைவிட வலுவாகத் தூண்டுகின்றன என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. பாட்டிலுக்குள் உண்மையிலேயே வேதிவினை நடக்கிறது. குலுக்குவதால் அது முடிந்துவிடாது. சூட்டால் வேகப்படுத்தலாம். ஆனால் சூடு எதை வேகப்படுத்த வேண்டும் என்று நாம் தேர்ந்தெடுக்க முடியாது, எல்லா வினைகளும் சேர்ந்தே வேகமெடுக்கும்.

என்னை உறுத்துவது இதுதான். ஒரு நண்பர் பெருமையாகத் தன் கஸ்டர்டை நீட்டினார். நிக்கோட்டினோடு சேர்த்தே நாள்கணக்கில் வெதுவெதுப்பில் வைத்தது. மூக்கருகே கொண்டுபோனதும் சினிமாக் கொட்டகைப் பாப்கார்ன் வெண்ணெய் மணம் குப்பென்று ஏறியது. வேலையிடத்தில் அந்த மணம் வந்தால் நாங்கள் முகமூடியைத் தேடுவோம். அந்த வெண்ணெய் மணத்தைத் தரும் வேதிப்பொருள் டைஅசிட்டைல். கலவையில் அவர் அதைச் சேர்க்கவில்லை, ஃப்ளேவர் பாட்டிலிலும் டைஅசிட்டைல் இல்லை என்று எழுதியிருந்தது. ஆனால் வெண்ணெய்ச் சுவைக்காகப் போடும் அசிட்டோயின் நாள்பட டைஅசிட்டைலாக மாறும், நிக்கோட்டின் கூட இருந்தால் இன்னும் விரைவாக. 2000-இல் அமெரிக்காவின் மிசௌரியில் மைக்ரோவேவ் பாப்கார்ன் ஆலைத் தொழிலாளர்களின் நுரையீரலைக் கெடுத்தது எது என்று தேடியபோது இந்த வெண்ணெய் வாசனையில்தான் போய் நின்றார்கள். பிரிட்டனில் நிக்கோட்டின் உள்ள இ-லிக்விட்டில் டைஅசிட்டைலுக்குத் தடை இருக்கிறது. வீட்டு மேடையில் உருவாவதை எந்தத் தடை பிடிக்கும்? அவர் இழுக்கச் சொன்னார். மறுத்துவிட்டேன். அன்றிலிருந்து எங்கள் பேச்சு குறைந்துவிட்டது.

கேக்குக்கு ஊற்றும் எசன்ஸ் சேர்த்தால் சீக்கிரம் ஊறுமா என்று கேட்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: எண்ணெய் கலந்த எதையும் பாட்டிலில் விடாதீர்கள். சாப்பிட உகந்தது என்பதற்கும் நுரையீரலுக்கு உகந்தது என்பதற்கும் சம்பந்தமே இல்லை.

தேம்ஸ்கரையான்:

சுவைக்கூடத்தான் அண்ணா, அசிட்டால் விஷயம் எனக்குப் புதிது, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் சொல்வதையே கணக்கில் எடுத்தால், மாதக்கணக்கில் ஊறவைக்கும் மாறன் அண்ணாவின் அலமாரிப் பாட்டிலில்தானே அசிட்டாலும் டைஅசிட்டைலும் கூடுதலாக இருக்கும்? ருசியாக இருந்தது என்பதற்காக அது நல்லது என்றாகிவிடுமா? கலந்த அன்றே பிடிக்கக்கூடிய பழக் கலவைக்கு மாறிவிடுவதுதான் புத்திசாலித்தனம் என்பேன்.

லெஸ்டர் மாறன்:

தம்பி, பழக் கலவையை வைத்துச் சிகரெட்டை விட்டவர்களை நான் மதிக்கிறேன். என்னை அந்தப் புகையிலிருந்து இழுத்து வந்தது கஸ்டர்டுதான், அதை விட்டால் திரும்ப எங்கே போய் நிற்பேன் என்று எனக்குத் தெரியும். குமரன் சொன்னபடி செய்து பார்க்கப்போகிறோம். நிக்கோட்டின் இல்லாமல் ஒரே கலவை, பாதி வெந்நீரில், பாதி அலமாரியில், இரண்டுக்கும் கடைசியில் நிக் ஷாட். வெண்ணெய் ஃப்ளேவரை இந்த முறை எடுத்துவிடுகிறேன். எது எந்தப் பாட்டில் என்று தெரியாமல் இழுத்துப் பார்த்துவிட்டு இங்கேயே எழுதுகிறேன்.

குடந்தை வாசகன்:

அடுத்த மாதம் ஊருக்குப் போகிறேன். ஊறவைத்த பாட்டில் இரண்டைப் பெட்டியில் எடுத்துப் போகலாமா? யாராவது கொண்டுபோன அனுபவம் உண்டா?

ஸ்கார்பரோ குமரன்:

வேண்டாம். இந்தியாவில் 2019 முதல் இ-சிகரெட்டுக்கு முழுத் தடை, கொண்டுவருவதும் அதில் அடங்கும். முதல் முறைக்கே ஓராண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் சேர்த்து. சிங்கப்பூர் வழியாகப் போவதாக இருந்தால் அங்கேயும் கையில் வைத்திருப்பதே குற்றம். நிக்கோட்டின் மாத்திரையோ தோலில் ஒட்டும் பட்டையோ வாங்கிக்கொண்டு போங்கள்.